டிரம்மின் உள்சுவரைத் தேய்

அன்புள்ள கயல்,

மத்தியானம் தூங்கும் குழந்தையைக் கொசு கடிக்கிறது, தெருக்கோடிச் சாக்கடையைத் தூர்வாரினால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னாய். சாக்கடைக் கொசு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். பகலில் கடிப்பது காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ். டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் வழியாகத்தான் வருகின்றன. அது வீட்டில் பிடித்து வைக்கிற தண்ணீரில் வளரும், அதிக தூரம் பறக்காது. ஆகவே உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்திருக்கும்.

எனக்குச் சந்தேகம், லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் அந்த நீல டிரம் மேல்தான். டார்ச் அடித்துப் பார், புழு இருந்தால் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு நிரப்பினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். மைப்புள்ளி மாதிரி கறுப்பாக இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் தேங்காய் நாரை வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவு. முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை செய்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் விடு, அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே!

அப்புறம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு. அதை யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. மணிபிளாண்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர் எல்லாவற்றையும் பார்த்துவிடு. செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள், ராத்திரிக் கொசு குறையும்.

குழந்தை இருக்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம். ஒரு சுருள் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டு. தெருவில் புகை அடிப்பது பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், டிரம்மில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

மாப்பிள்ளை அனுப்பிய வோல்பாக்கியா செய்தியைப் படித்தேன். உண்மைதான், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகாமல் தடுக்கும் அந்தப் பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் புதுச்சேரி ஆய்வு நிலையத்திலும் அப்படிக் கொசு வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அது உன் தெருவுக்கு வந்து சேரும்வரை தேங்காய் நார்தான்.

யாருக்காவது காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது. நீங்கள் நிலவேம்புக் கஷாயம் குடிப்பதானால் குடியுங்கள், அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அம்மா என் பழைய வேட்டியைக் கிழித்து, எலாஸ்டிக் வைத்து டிரம்முக்கு உறை தைத்திருக்கிறாள். முறுக்கோடு சேர்த்து நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். இழுத்து மாட்டு, நடுவில் குழி விழுந்தால் அதிலும் தண்ணீர் தேங்கும்.

அன்புடன்,
அப்பா