மூன்றாவது கத்தி

மானாமதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பாவிடம் ஒரு கத்தி கொடுத்து அனுப்புகிறேன். விமானத்தில் வருகிறார், அதனால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லியிருக்கிறேன். "ரிட்டயர் ஆனதும் அருவா அடிக்கிறீங்களாப்பா" என்று போனில் சிரித்தாயே, இது அரிவாள் இல்லை. ஏழு அங்குலக் காய்கறிக் கத்தி.

இரும்பு, பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறைக்காரர் அடித்து நீட்டிக் கொடுத்தார். அரம் போட்டு வடிவம் எடுத்தது நான். முதல் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். டிங்கென்று ஒரு சத்தம், விளிம்பில் மயிரிழை விரிசல். இவ்வளவு மெல்லிசுக்கு எண்ணெய்தான் சரி என்றார் பட்டறைக்காரர். அவர் நிறம் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கண் இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டேன். சுமார் 770 டிகிரிக்கு மேல் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் காயவிட்டு, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்கினேன். இரண்டாவது வளைந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்காதே.

தோய்ச்சல் போட்டதும் அலகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடைந்துவிடும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் முறுக்கு கொஞ்சம் தளரும். அதற்கு, நீ அம்மாவுக்குக் கேக் செய்ய வாங்கிக் கொடுத்த ஓவனைத்தான் எடுத்தேன். அலகு அழகான வைக்கோல் நிறத்துக்கு வந்தது. வீடு முழுக்க எண்ணெய் நாற்றமும் வந்தது. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிடி எந்த மரம் என்று தெரிகிறதா? அப்பத்தாவின் அரிவாமனைப் பலகை. இரும்பு தேய்ந்து கழன்ற பிறகும் பரணிலேயே கிடந்தது. ரம்பத்தை வைத்துவிட்டு இரண்டு நாள் அறுக்காமல் இருந்தேன்.

இது எவர்சில்வர் கிடையாது. ஈரத்தோடு சிங்க்கில் போட்டால் காலையில் துரு ஏறியிருக்கும். வெங்காயம், எலுமிச்சை பட்டுப் பட்டுக் கருநீலமாகும், அது அழுக்கில்லை, தேய்த்து எடுக்காதே. மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடிவிளிம்பில் தீட்டு. வேகமாகச் சுற்றும் சாணைக்கல்லில் மட்டும் கொடுக்காதே. சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

அப்புறம், சித்தப்பா கையிலிருந்து நேராக வாங்காதே. கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, அம்மாதான் எழுதச் சொன்னாள். ஓவன் விஷயத்துக்குப் பிறகு அவள் பேச்சைத் தட்டும் நிலையில் நான் இல்லை.

அப்பா