பெட்டி கடவுச்சொல் கேட்கிறது

திருவானைக்காவல்,
ஞாயிறு காலை.

அன்புள்ள நித்யாவுக்கு,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று உன் தோழி சொன்ன பிறகுதான் உன் அம்மா ஒழுங்காக ஒரு வேளை சமைத்தாள். அதுவரை தயிர்சாதத்தில் ஓட்டினோம். நிலவேம்புப் பொடி தனிப் பார்சலில் வருகிறது. கசக்கிறது என்று கொட்டிவிடாதே.

இந்தக் கடிதம் உன் உடம்பைப் பற்றியது இல்லை. அதைப் போனிலேயே தினம் நான்கு முறை கேட்டாகிவிட்டது. இது சாமி அலமாரிக்குக் கீழே நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் பற்றியது.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இரவு இங்கே டிரான்ஸ்பார்மர் வெடித்தது. யு.பி.எஸ். நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. விடியற்காலையில் மின்சாரம் திரும்பியபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை எரியவில்லை. சரி, நீ பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். எட்டு மணிக்கு உன் தோழி அழைத்தாள். ஆஸ்பத்திரியில் உன் காப்பீட்டுப் பாலிசி எண் கேட்கிறார்கள், உங்களிடம் இருக்கிறதா என்றாள். மூலப் பத்திரம் உன் மைசூரு வீட்டு அலமாரியில். அலமாரிச் சாவி எங்கே என்று காய்ச்சலில் உனக்கே தெரியவில்லை. உன் போனைத் திறக்க அவளுக்கு வழியில்லை. ஆனால் எனக்குக் கவலை வரவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது வீட்டுக் காகிதம் அத்தனையையும் ஸ்கேன் செய்து பெட்டிக்குள் போட்டாயே. "இனி இது வேறு யாருடைய கம்ப்யூட்டரிலும் இல்லை அப்பா, நம் வீட்டில் நம்மிடமே இருக்கிறது" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்!

நம்மிடமே இருந்தது, உண்மைதான். நீ காட்டிக்கொடுத்தபடி பெட்டியை டி.வி.யில் மாட்டினேன். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி, கடவுச்சொல் கேட்டது. மின்சாரம் போய் வந்தால் அது முதலில் கேட்பது அதைத்தான் என்றும், திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பது அவனுக்கு வெறும் குப்பை என்றும் நீ முன்பே சொல்லியிருந்தாய். அன்று காலை அந்தத் திருடனுடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது முறை முயன்றேன். நம் மணி நாயின் பெயர், நீ படித்த பள்ளி, தாத்தாவின் ஊர், உன் முதல் சைக்கிளின் நிறம்கூட. பிறகுதான் நினைவு வந்தது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் விரித்திருந்தோம். ஆட்டம் முடிந்ததும் நீ பகடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாய். ஐந்து முறை உருட்டினால் 7,776 ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல். அப்படி ஏழு சொற்கள் சேர்ந்ததுதான் பெட்டியின் கடவுச்சொல். மனிதன் தானாக யோசித்துத் தேர்ந்தெடுக்கும் எதையும் இன்னொரு மனிதன் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவான், பகடைக்கு மனம் இல்லை என்றாய். ஏழு சொற்கள் சேர்ந்தால் எத்தனை வகை என்று பெருக்கிப் பார்த்தேன். 28 இலக்கத்தில் ஓர் எண் வருகிறது. அதில் நான் தட்டிப் பார்த்தது ஒன்பது.

பாலிசி எண் கடைசியில் உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பத்திரத்தை நீ எடுத்துக்கொண்டு போகுமுன் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டவும்தான்.

உன் வேலையை நான் மதிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். இந்த ஐந்து நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லையே என்று தோன்றிக்கொண்டிருந்தது. 2019-இல் நீ பெங்களூரு வேலையை விட்டபோது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் போனிலிருந்து எடுத்து விளம்பரக்காரர்களிடம் விற்பதற்கு இனிமேல் நிரல் எழுத மாட்டேன் என்றாய். நான் கேட்டது ஒரே கேள்வி: பி.எஃப். பணம் வந்துவிடுமா? அந்தக் கேள்வியை நீ மறந்திருக்க மாட்டாய். என் தலைமுறைக்கு முதலில் வாயில் வருவது அதுதான்.

ஆனால் நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்தெட்டு வருடம் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவன் நான். ஓடும் ரயிலில், அறை அறையாகப் பிரித்த மரச்சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, இரவெல்லாம் மேலுறையை மட்டும் பார்த்தவன். ஒரு கடிதத்தையும் திறந்து படித்ததில்லை, திறக்கத் தேவையும் இருந்ததில்லை. வாரம் ஒரு முறை ஒரே கையெழுத்தில் ராணுவ முகாமுக்குப் போகும் இன்லேண்ட் திடீரென்று நின்றால் அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. வக்கீல் அலுவலக முத்திரையோடு ஒரே முகவரிக்கு மூன்று பதிவுத் தபால் போனால் அங்கே சொத்துத் தகராறு. எங்களோடு வேலை பார்த்த ஒருவர், இந்த இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று மேலுறையை வைத்தே பந்தயம் கட்டுவார். பெரும்பாலும் ஜெயிப்பார்.

அதனால்தான் அமெரிக்க உளவுத்துறையின் ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடென் கதையை நீ சொன்னபோது உன் அம்மா விழித்தாள், நான் விழிக்கவில்லை. 2013 ஜூனில் முதலில் வெளிவந்தது வெரைசான் தொலைபேசி நிறுவனத்துக்குப் போட்ட ரகசிய நீதிமன்ற உத்தரவு. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்ற கணக்கை நாள்தோறும் உளவுத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும், பேச்சு வேண்டாம். பேச்சைக் கேட்கவில்லையே, அப்புறம் என்ன என்று டி.வி.யில் ஒருவர் வாதாடியது நினைவிருக்கிறது. அவர் ஒரு நாள் எங்கள் வண்டியில் வந்து நின்றிருக்க வேண்டும். அடுத்த மாதமே அமெரிக்க அஞ்சல் துறையின் சங்கதியும் வெளியே வந்தது. 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி வைத்த கடிதங்கள் வந்த பிறகு, தன் கையில் வரும் ஒவ்வொரு தபாலின் வெளிப்பக்கத்தையும் அது படமெடுத்து வந்திருக்கிறது. 2012-இல் மட்டும் சுமார் 16,000 கோடி. எங்களுக்கு இருந்தது ஞாபகம். அது மறந்துபோகும், ஓய்வு பெறும், செத்தும் போகும். படம் அப்படியில்லை. வாட்ஸப் செய்தியும் பூட்டித்தான் போகிறது, ஆனால் யார் யாருக்கு என்பது வேறு கணக்கு என்று நீ சொன்ன அன்றே நான் சிக்னல் என்ற செயலிக்கு மாறிவிட்டேன். உன் அம்மா மாறவில்லை. அவளுடைய கோலப் போட்டிக் குழு அங்கேதான் இருக்கிறது.

நீ சொந்தமாக நடத்தும் மின்னஞ்சலில் மட்டும் எனக்கு இன்னும் சமாதானம் வரவில்லை. உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ எழுதிய பதில் அவருடைய குப்பைக் கூடையில் பதினோரு நாள் கிடந்தது. அவர் என்னிடம் பேசவே இல்லை. நீ வாடகைக்கு எடுத்த சர்வர் இருக்கும் முகவரி வரிசையில் வேறு எவனோ முன்பு விளம்பரக் குப்பை அனுப்பியிருக்கிறான், அதனால் பெரிய நிறுவனங்கள் அந்தத் தெருவிலிருந்து வரும் எதையும் சந்தேகிக்கின்றன என்று விளக்கினாய். சரியான அஞ்சல்தலை ஒட்டிய கடிதத்தை, அனுப்பியவர் இருக்கும் தெருவின் பெயர் கெட்டது என்று கடிதம் பிரிக்கும் ஒரு சார்ட்டர் ஒதுக்கி வைத்தால் அவரை அன்றே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். இங்கே அது முறையான வேலை. இதோடு மல்லுக்கட்டுவதில் உனக்கு ஒரு ருசி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் என்று எழுதியதற்குக் காரணம் அந்த லாவாபிட் கதை. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். 2004 முதல் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையை நடத்திவந்தவர் லாடர் லெவிசன். ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தேடிவந்த அமெரிக்கப் புலனாய்வுத் துறை எஃப்.பி.ஐ., சுமார் 4 லட்சம் பேருடைய கடிதங்களையும் திறக்கக்கூடிய சாவியை, அதாவது நீண்ட ரகசியக் குறியீட்டை, கேட்டது. அவர் அதைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது நீதிமன்றம். சாவியைக் கொடுத்தார், கொடுத்த கையோடு 2013 ஆகஸ்ட் 8 அன்று கடையையே மூடிவிட்டார். 11 பக்கம் என்றபோது நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகு, பத்து வருட உழைப்பை ஒரே நாளில் மூடிவிட்டு அந்த மனிதர் மறுநாள் காலை என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யார் இருந்தார்கள்?

எங்கள் காலத்திலும் ஒன்று நடந்தது. தபாலைத் தடுத்துப் பார்க்கும் அதிகாரத்தை அகலப்படுத்தும் மசோதா 1986-இல் இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேசையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான், அது சட்டமாகவில்லை. வண்டியில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். 1898 அஞ்சல் சட்டத்திலேயே அந்த அதிகாரம் வேண்டிய அளவு இருக்கிறதே, இதில் என்ன வீரம் என்றது ஒரு கட்சி. நான் ஜெயில் சிங் கட்சி. 2023-இல் வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அதற்கு யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கடிதம் எழுதினால்தானே.

அந்தக் கட்சியில் நின்று அத்தனை பேசியவன் செய்த ஒரு காரியத்தை இப்போது எழுதுகிறேன். 2006-இல் நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். உனக்கு ஒரு கடிதம் வந்தது, காரைக்குடி முத்திரை, தெரியாத கையெழுத்து. நீ கோயிலுக்குப் போயிருந்தாய். ஆவியில் காட்டிப் பிரித்தேன். படித்தேன். உன்னோடு படித்த பெண் ஒருத்தி கணக்குப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கேட்டிருந்தாள். மறுபடி ஒட்டி, நீ வந்ததும் கையில் கொடுத்தேன். நீ உறையின் மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டு முகவரிக்கு உனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அதனால்தான் நீ இந்த வழிக்குப் போனாய் என்று சொல்லிப் பெருமை தேடிக்கொள்ள மாட்டேன். உனக்குக் கணக்கு வந்தது, போனாய். ஆனால் டி.வி. முன்னால் உட்கார்ந்து நாயின் பெயரைத் தட்டியபோது, கெட்டிலில் ஆவி வரக் காத்திருந்த அதே ஆள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. காரணம் நல்லதாக இருந்தது, அன்றும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே கடவுச்சொல்லை எனக்குச் சொல்லாதே. போனில் கேட்டாலும் சொல்லாதே.

ஆனால் அது உன் தலைக்குள் மட்டும் இருக்கவும் கூடாது. எங்கள் வண்டியில் எந்தப் பையும் ஒருவரை நம்பி இருந்ததில்லை. வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பட்டியலில் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். வழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இறக்கிவிட்டால் அடுத்தவர் அந்தப் பையோடு ஊர் போய்ச் சேருவார். உள்ளே என்ன என்று அவருக்கும் தெரியாது. யாரையும் நம்பாமல் வாழ்வதற்கு நீ கட்டிய ஏற்பாட்டில் இப்போதே ஒரு கிழவனும் அவன் வாங்கிய யு.பி.எஸ்.ஸும் இருக்கிறார்கள். நம் வீட்டு இணைய இணைப்புக்கு வெளியிலிருந்து கூப்பிடத் தனி எண் இல்லை, அதனால் பெட்டிதான் உள்ளிருந்து உன்னைக் கூப்பிட வேண்டும் என்றாய். அந்தக் கம்பியை அணில் கடித்தபோது மாற்றியது யார்?

இதோடு ஒரு துணி உறையும் ஒரு துண்டு அரக்கும் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்தபோது கூடவே வந்தவை. தபாலில் அனுப்ப வேண்டாம், அடுத்த முறை வரும்போது கையால் எழுதி, மடித்து, முத்திரை வைத்துக் கொண்டுவா. உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும். சாவி அவளிடம், முத்திரையைப் பார்ப்பது என் வேலை. நீ வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன்.

அதுவரை பெட்டி அப்படியே கேட்டுக்கொண்டு இருக்கும். டி.வி. கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டேன். நான்கு நாள் சீரியல் போய்விட்டது என்று ஒரே புகார். யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றியாகிவிட்டது. பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி எதிர்வீட்டு மாமி சொல்கிறார், டாக்டரைக் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா