அண்ணே, பிள்ளையின் ஓட்டத்தை இப்போது நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிந்ததும் மகளின் தடை ஓட்டத்தை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னீர்களாம். உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதே முடிவோடு இருக்கும் பெற்றோர் இன்னும் பலர்.

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. போன வருஷத்தைவிட இப்போது ஓடி முடிக்கும் நேரம் கூடிப்போயிருக்கிறது. ஈப்போவில் ஏழாவது தடையில் விழுந்து, முட்டி கிழிந்து வந்தாள். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அவளுக்குத் திடலில் பயிற்சி கொடுக்கிறவள் என்ற முறையில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். அதைத் தாண்டிய வயதுக்கு 83.8. ஏழரை சென்டிமீட்டர் தானே என்று தோன்றும். ஆனால் 100 மீட்டருக்குள் அப்படிப் பத்துத் தடைகள். கோட்டிலிருந்து முதல் தடை 13 மீட்டர், அதற்கு எட்டுக் காலடி. பிறகு தடைக்குத் தடை 8.5 மீட்டர், நடுவில் மூன்றே காலடி. நான்காவது காலடி வைத்தால் தாண்டும் கால் மாறிவிடும், பந்தயம் போய்விடும். தடை உயர்ந்தால் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது, இறங்கும்போது வேகம் குறைகிறது, அந்த மூன்று காலடிக்குள் 8.5 மீட்டரைப் பிடிப்பது கஷ்டமாகிறது. உங்கள் மகள் இந்த வருஷம் முழுக்க உயரத் தடையில்தான் பழகினாள். ஐந்தாறு தடை வரைக்கும் அழகாகப் போகிறாள். அதற்குப் பிறகு களைப்பில் காலடி குறுகிவிடுகிறது, தடைக்கு எட்ட நின்று தாவுகிறாள், பின்னால் வரும் காலின் முட்டி கட்டையில் இடிக்கிறது. ஈப்போவில் நடந்தது இதுதான். திறமை தீர்ந்துபோய் அவள் விழவில்லை அண்ணே. பையன்களுக்கு இது இன்னும் மோசம்: 91.4, பிறகு 99.1, பிறகு 106.7 என்று இரண்டு முறை ஏறுகிறது.

இந்த உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் நேரம் குறையாது, சில சமயம் கூடும். எஸ்.பி.எம். வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். நம் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நின்றுவிடுவதும் அங்கேதான். எனக்கு இதில் தீராத ஆதங்கம். ரப்பர் பால்மரம் நட்ட நான்காம் வருஷம் பால் வரவில்லை என்று யாராவது வெட்டிச் சாய்ப்பார்களா? நீங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுக்காரர்களையே பாருங்கள். இஷ்தியாக் முபாரக் 110 மீட்டர் தடை ஓட்டத்துக்காக 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் போனார், 1972இல் மியூனிக் போனார். அரையிறுதி வரை போனது மூன்றாவது ஒலிம்பிக்கில், 1976இல் மாண்ட்ரியலில். ரய்ஸாம் ஷா அதே ஓட்டத்தில் 2017இல் புக்கிட் ஜாலிலில் சீ விளையாட்டுத் (தென்கிழக்காசிய விளையாட்டு) தங்கம் வாங்கியபோது அவருக்கு 29 வயது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நோராசீலா லண்டன் ஒலிம்பிக் ஓடியது 32 வயதில்.

தமிழ்ப் பெண் ஒருத்தியையும் சொல்கிறேன். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கேரளத்து பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அன்று அவர் ஓடிய 55.42 விநாடியை 39 வருஷமாக இந்தியாவில் யாரும் தொடவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே 55.42ஐ ஓடியவர் நான் சொல்ல வந்த தமிழ்ப் பெண், கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ். வயது 25. இறுதிப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். அவரோடு பிறந்த இரட்டை, நித்யா, 100 மீட்டர் தடை ஓட்டக்காரி. ஒரே வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் அந்த வயது வரை ஓட முடிந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அண்ணி அடி படுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். நியாயமான கவலை. தடையின் கால்கள் ஓடிவருகிறவர் பக்கமாக நீண்டிருக்கும், அதனால் இடித்தால் முன்பக்கம் சாய்ந்துவிடும். நான்கு கிலோ அளவு அழுத்தம் போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து தாவினால்தான் ஆபத்து, அதை என் திடலில் யாரையும் செய்ய விடுவதில்லை. மழை பெய்து புல் வழுக்கும் நாளில் தடையே வைப்பதில்லை, வேலியோரம் நின்று பின்னங்காலைச் சுழற்றி எடுக்கும் பயிற்சி மட்டும்தான். விழுவதைப் பற்றிக் கேட்டால், 1992 பார்சிலோனாவில் கெயில் டெவர்ஸ் கடைசித் தடையில் இடித்து விழுந்து ஐந்தாவதாக வந்தார். முதலில் ஓடிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பிறகு 1993, 1995, 1999 என்று மூன்று முறை அதே ஓட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார்.

படிப்பு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பை விட்டால் வேறு பிடி இல்லை. ஆனால் பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம் (விளையாட்டு, கழகம் போன்றவை) என்பதை மறந்துவிடாதீர்கள். மாநிலத்துக்கு ஓடிய சான்றிதழ்கள் அங்கே பேசும், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கு அவள் படிவம் ஆறு போனாலும், மெட்ரிக்குலேஷன் போனாலும், வாரத்தில் மூன்று மாலை கிடைத்தால் எனக்குப் போதும். உயரம் ஒத்துவரவில்லை என்றால் 400 மீட்டருக்கு மாற்றலாம். அங்கே பெண்களுக்குத் தடை மறுபடியும் 76.2தான், அவளுக்கு மூச்சும் இருக்கிறது.

பெண் பிள்ளை எத்தனை நாளைக்கு ஓடுவாள் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். 32 வயது வரை ஓடலாம் என்று சொல்லுங்கள்.

நான் கேட்பது மூன்று வருஷம். அதற்குப் பிறகும் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் நானே வந்து அவளிடம் பேசுகிறேன். தேர்வு முடியும்வரை பயிற்சிக்குக் கூப்பிட மாட்டேன், அது உறுதி. முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை, செம்பனைக் குலை வெட்டி முடித்ததும் அப்படியே தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வாருங்கள். முதல் தடையிலிருந்து நான்காவது வரைக்கும் பக்கத்தில் நின்று பாருங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். அவளுடைய பழைய ஸ்பைக் காலணி இறுக்கமாகிவிட்டது. என்னிடம் படித்துப் போன ஒருத்தி தன்னுடையதைக் கொடுத்திருக்கிறாள், அளவு சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை