காண்ட்ராக்டர் பில்லில் கையெழுத்துப் போடும் முன்: ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், பதிவாளர்களுக்கும், நிதி அலுவலர்களுக்கும் வணக்கம்.

நிரந்தரப் பணியாளர், மாதம் ஒரே நிலையான தொகை பெறும் தொகுப்பூதியக்காரர், கௌரவ விரிவுரையாளர், காண்ட்ராக்ட் ஊழியர் என நான்கு வகையினர் ஒரே வளாகத்தில் வேலை பார்க்கிறோம். எல்லோருக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. அதற்கு அரசின் நிதித்துறை வரை போகவேண்டும். சட்டம் ஏற்கெனவே தந்துவிட்ட சலுகைகளைக் கொடுக்க உங்கள் அலுவலகமே போதும்.

பி.எஃப் என்னும் வருங்கால வைப்பு நிதியில் தொடங்குவோம். மாத ஊதியம் 12,000 ரூபாய் என்றால் ஊழியர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440. நிறுவனப் பங்கும் அதே 1,440; அதில் சுமார் 1,000 ஓய்வூதியத்துக்கும் மீதி பி.எஃப் கணக்குக்கும் போகும். சம்பளச் சிட்டையில் 2,880 பிடித்திருந்தால் நிறுவனப் பங்கும் ஊழியர் தலையில் ஏறியிருக்கிறது என்று பொருள். இது சட்டவிரோதம். சேவைக் கட்டணத்தைப் பைசாக் கணக்கில் காட்டி டெண்டர் எடுத்த காண்ட்ராக்டர் வேறு எங்கிருந்து லாபம் பார்ப்பார்? தர்மத்துக்கு ஆள் அனுப்ப யாரும் கடை திறப்பதில்லை.

காண்ட்ராக்டரின் பில்லோடு வரும் பி.எஃப் செலானில் (பணம் கட்டிய சீட்டில்) மொத்தத் தொகைதான் இருக்கும். அவர் இன்னும் மூன்று இடங்களுக்கு ஆள் அனுப்பினால், யார் பெயரில் எவ்வளவு கட்டினார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஊழியர் வாரியாகக் கட்டிய தொகையைக் காட்டும் இ.சி.ஆர் பட்டியலை வாங்கி, யு.ஏ.என் (ஒவ்வொருவருக்கும் உரிய நிரந்தர பி.எஃப் எண்) வாரியாக வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர் உடனே தெரியும். தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பதால், நடப்பு மாத பில்லுக்குப் போன மாத இ.சி.ஆர்-ஐக் கேட்டால் சம்பளமும் தள்ளிப்போகாது. காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான பல்கலைக்கழகத்தின் மேல்தான் விழும். சொக்கிகுளம் பி.எஃப் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருப்பானேன்?

காண்ட்ராக்டர் மாறும்போதுதான் சேதம் அதிகம். புதியவர் பழைய யு.ஏ.என்-ஐக் கேட்காமல் புதிது உருவாக்குகிறார்; பழையவர் பணிவிலகல் தேதியைப் பதிவதில்லை. ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். துண்டு துண்டாகிப்போன கணக்கை 58 வயதில் யார் ஒட்டுவது? ஒவ்வொருவரின் யு.ஏ.என், இ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண், முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாள் அடங்கிய பணித்தொடர்ச்சிப் பட்டியலைப் பல்கலைக்கழகமே வைத்திருந்து, புதியவருக்குக் கையளிக்கவேண்டும். பணிக்கொடைக் கணக்குக்கும் அந்தச் சேர்ந்த நாள்தான் ஆதாரம்.

இ.எஸ்.ஐ-யிலும் இதே கதைதான். ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவருக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை சந்தா விட்டுப்போனால், நோய்க்கால உதவிக்குத் தேவையான 78 நாள் சந்தா செப்டம்பருக்குள் தேறாது. அப்புறம் ஜனவரி முதல் ஜூன் வரை அவர் நோயில் விழுந்து தத்தனேரி இ.எஸ்.ஐ மருத்துவமனையில் கிடந்தாலும் 70 சதவீத ஊதிய உதவி வீட்டுக்கு வராது.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு வருவோம்.   அவர்களுடைய மகப்பேறு விடுப்பைத் தள்ளிவைக்க முடியாது. தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். கௌரவ விரிவுரையாளர்களுக்கோ, "ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிந்தது" என்ற பதில். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் என்பது சட்டம். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லும், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பலன் நிற்காது என்று 2023-லும் தீர்ப்பளித்திருக்கிறது. நியமன ஆணையில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

இ.சி.ஆர் ஒப்பீடு, பணித்தொடர்ச்சிப் பட்டியல், நியமன ஆணையில் மகப்பேறு விடுப்புக்கான வாசகம் ஆகிய மூன்றையும் அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கக் கோருகிறோம். அடுத்த டெண்டர் அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே தீர்மானம் வேண்டும். பின்னால் வந்தால் இன்னொரு ஒப்பந்தக் காலம் போய்விடும்.

இப்படிக்கு,
தொகுப்பூதிய, ஒப்பந்த, கௌரவப் பணியாளர்கள்