கார் முன்விளக்கின் பல்பை மாற்றுகிறவர்கள் ரப்பர் மூடியைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் போகும் சாலையிலும், தொண்டி முதல் சாயல்குடி வரையான கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இரவில் முன்விளக்கு ஒன்று மட்டும் எரியும் ஒற்றைக்கண் கார்கள் நிறைய ஓடுகின்றன. எதிரே வருவது பைக் என்று நினைத்து ஒதுங்காமல் போனால், பக்கத்தில் வந்த பிறகுதான் அது கார் என்று தெரிகிறது. போதாக்குறைக்குக் கருவேலங்காட்டிலிருந்து ஆடும் மாடும் எந்த நேரத்தில் சாலைக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. பல்பின் விலை யாரையும் தடுப்பதில்லை. "கை உள்ளே போகாது, பம்பரைக் கழற்றணும்" என்ற பேச்சில்தான் வேலை வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. பெரும்பாலான கார்களில் இது வீட்டு வாசலில் முடிகிற வேலை.

முதலில் போனது பல்புதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பல்பை விட்டுவிட்டு பியூஸ், ரிலே, சுவிட்சைப் பாருங்கள். பல கார்களில் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி பியூஸ் உண்டு. ஒரு பக்கம் மட்டும் போனாலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது. பிரைட் (தூர வெளிச்சம்) எரிந்து டிம் (தாழ்ந்த வெளிச்சம்) எரியவில்லை என்றால், எச்4 என்ற ரகப் பல்பில் இரண்டுக்கும் தனித்தனியாக உள்ள இழைகளில் ஒன்று அறுந்திருக்கும். டிம் போட்டதும் இரண்டு இழையும் சேர்ந்து சோகையாகச் சிவந்தால் பல்பில் குற்றமில்லை, எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) போயிருக்கிறது.

கை போகவில்லை என்பதற்குக் காரணம், விளக்குக்குப் பின்னால் வேறொன்று உட்கார்ந்திருப்பதுதான். ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டி அல்லது வைப்பர் தண்ணீர்த் தொட்டியின் கழுத்து. சந்துக்குள் கையை நுழைத்துத் தோலை உரித்துக்கொள்வதைவிட, பத்து நிமிடம் செலவழித்து அதை எடுத்துவிடுவது மேல். பேட்டரி என்றால் பத்தாம் நம்பர் ஸ்பானரால் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியே பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விடும். ஸ்டீரியோ கோடு கேட்கிற ரகம் என்றால் அந்த எண்ணை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் வழி சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் மறைப்புக்குள் இருக்கும். எந்தப் பக்க விளக்கோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முன்பக்கக் க்ளிப்புகளை மட்டும் கழற்றி மறைப்பை மடக்கினால் கை போகும். பம்பரை இறக்கியே தீர வேண்டிய கார்களும் உண்டு, ஆனால் குறைவு.

விளக்கை அணைத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பல்பின் பின்னால் ஒயரோடு செருகியிருக்கும் கப்ளரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. அடுத்து விளக்கின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து உரித்தால் வந்துவிடும். அதற்குள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருப்பதுதான் எல்லாரையும் படுத்துகிற கம்பி ஸ்பிரிங். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் ஸ்குரூ டிரைவரால் நெம்புகிறார்கள், அது வளைந்து விளக்குக்குள்ளேயே விழுகிறது. போனில் டார்ச்சைப் போட்டுச் சந்துக்குள் நீட்டி ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். கம்பியின் முனை எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முனையை முதலில் விளக்கை நோக்கி உள்ளே அமுக்கி, பிறகு பக்கவாட்டில் தள்ளினால் விடுபடும். இழுத்தால் வராது.

கழற்றிய பழைய பல்பை உடனே எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி ஒரு பக்கம் புடைத்திருந்தால் போன தடவை மாட்டியவர் விரலால் தொட்டிருக்கலாம். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் மட்டும் சூடு ஏறி குவார்ட்ஸ் கண்ணாடி இளகிவிடும். புதுப் பல்பை அதன் அடியில் உள்ள உலோகத் தகட்டில் மட்டும் பிடியுங்கள். தெரியாமல் கண்ணாடியில் கை பட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம். தகட்டில் மூன்று காதுகள் உண்டு, அகலமானது மேலே. ஒரே விதத்தில்தான் உட்காரும். ஸ்பிரிங்கைப் போட்டதும் தகட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சரியாக உட்காரவில்லை, வெளிச்சம் சாலைக்குப் பதில் பனைமரத்து உச்சிக்குப் போகும்.

நம் கரைக்கே உரிய சங்கதி இனிமேல்தான். மதுரையில் ஓடும் காரின் கப்ளர் பழுப்பாக இருக்கும். இங்கே ஓடும் காரில் பச்சையாக இருக்கும். உப்புக்காற்றில் செம்பு பூக்கிற களிம்பு அது. பாம்பன் பாலத்தில் அடிக்கும் சாரல் போதாதென்று, மீன் வண்டியிலிருந்து ஒழுகும் உப்பு ஐஸ் தண்ணீரும் முன்னே போகிற டயரிலிருந்து தெறித்து நம் விளக்கின் மேல்தான் விழுகிறது. கப்ளருக்குள் செருகும் பல்பின் உலோகக் கால்தான் பின்; களிம்பு ஏறிய அந்தப் பின் வழியாக மின்சாரம் சரியாகப் போகாது, சூடு ஏறும், கப்ளர் உருகிப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். புதுப் பல்பு மாட்டியும் மாதத்தில் போகிறது என்பவர்கள் கப்ளரைத் திறந்து பார்க்க வேண்டும். லேசான களிம்பு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, மெல்லியதாக சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். உருகியிருந்தால் பீங்கான் ஹோல்டர் வாங்கிப் போடுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சூட்டில் டேப் பிசுபிசுத்து அவிழ்ந்து அங்கேயும் உப்பு ஏறும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும்.

எர்த்தையும் அப்படியே பாருங்கள். விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்ட் மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால், விளக்குக்கு அருகே பாடியில் எர்த் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றித் துரு போகத் தேய்த்து மாட்டுங்கள். பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். மஞ்சளாக எரிகிறது என்று 100/90 வாட்ஸ் பல்பு போடுகிறவர்கள் இது தெரியாமல்தான் அப்படிச் செய்கிறார்கள். 60 வாட்ஸ் பல்பு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்ஸ் 8-க்கு மேல். ஏற்கெனவே களிம்பு பிடித்த கப்ளர் அதைத் தாங்குமா? எதிரே வருகிறவர் கண் கூசுவது தனிக்கதை. ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பைச் செருகுவதும் அப்படித்தான். விளக்குக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கிண்ணம் எச்4 இழை இருக்கும் இடத்துக்காகவே வளைக்கப்பட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் பல்பு மாற்றும் சில பணிமனைகளில் ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டுவதில்லை. "அது இல்லாட்டியும் எரியும்ணே" என்கிறார்கள். எரியும். ஆனால் உப்புக்காற்று உள்ளே போய், கிண்ணத்தின் பளபளப்புப் பூச்சு கறுத்து உரிந்துவிடும். பிறகு எத்தனை பல்பு மாற்றினாலும் வெளிச்சம் வராது, முழு விளக்கையும் மாற்ற வேண்டியதுதான். பல்பு மாற்றிய வண்டியை எடுக்கும்போது போனட்டைத் திறந்து அந்த மூடியைக் கையால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாடகை வண்டிகளைத் தகுதிச் சான்றுக்குப் பார்க்கும் அதிகாரிகளும், விளக்கு எரிகிறதா என்பதோடு இதையும் பார்த்தால் நல்லது.

கடைசியாக, வெளிச்சத்தின் உயரத்தைச் சுவரில் பார்ப்பது. பழைய பல்பைக் கழற்றும் முன், சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, எரிகிற பக்கத்து டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் கோடாகக் குறியுங்கள். விளக்கின் நடு உயரத்தைவிட அது சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். டேஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் பூஜ்ஜியத்தில் வையுங்கள். புதுப் பல்பின் கோடும் அதே உயரத்தில் விழுந்தால் வேலை சரி.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மழைக்குப் பின் கண்ணாடிக்குள் லேசாகப் பனித்து, விளக்கைப் போட்டதும் மறைந்தால் பயமில்லை. தண்ணீர் தேங்கி நின்றால்தான் கவனிக்க வேண்டும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் உதிரிபாகக் கடையில் கார் மாடலைச் சொல்லி வாங்குங்கள். அதற்குப் பதில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார்கள், ஹாலஜன் சூட்டில் அது உருகிப் பல்பில் வழியும்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
உச்சிப்புளி.