அடுப்பை அணைச்ச பிறகுதான் காரம் ஏறும்

லஃபாயெட், லூசியானா
மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஜூன் 14ல தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் மீனோட திரும்பினதும், இருபது பேரைக் கூப்பிட்டு இந்த ஊர் மாதிரி ஒரே அண்டாவில் இறாலும் நண்டும் அவிக்கணும்னு மாமா கேட்டிருந்தார். முறையை எழுதுறேன். ஆனா குழம்பு வைக்கிற பழக்கத்தில் கொதிக்க விட்டுடாதே. அதுல கெட்டுப்போறதுதான் அதிகம்.

இங்கே அவிக்கிறது கிராஃபிஷ். சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கின மாதிரி இருக்கும். நெல் அறுத்த வயல்ல தண்ணி கட்டி வளர்க்கிறாங்க. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் நல்ல சீசன். மூட்டைக் கணக்குல உயிரோட விற்பாங்க. ஒரு மூட்டை சுமார் 15 கிலோ, பத்துப் பேருக்குக் காணும். தலைக்கு ஒன்றரைக் கிலோவான்னு மலைச்சுப் போகாதே, வால்ல இருக்கிற சதை நூத்துக்குப் பதினஞ்சு பங்குதான். ரெண்டு மூணு தண்ணியில அலசி, செத்ததைப் பொறுக்கி எறிஞ்சிடணும். வயித்து அழுக்கு போகட்டும்னு உப்பைக் கொட்டி ஊறவைக்கிறவங்களும் உண்டு. அழுக்கு போகாது, உசிருதான் போகும்.

உன் கணக்குக்கு: தோலோட இறால் 6 கிலோ, புள்ளி நண்டு 20, சின்ன உருளைக்கிழங்கு 4 கிலோ, மக்காச்சோளம் 10. இதுக்கு 60 லிட்டர் அண்டா வேணும், தண்ணி 25 லிட்டர். அலுமினியமோ எவர்சில்வரோ எடு. ஈயம் பூசாத பித்தளையில எலுமிச்சம்பழம் படவே கூடாது. இங்கே சாசேஜும் போடுவாங்க, கிடைக்கலைன்னா விட்டுடு.

நண்டை உடைக்காம முழுசா பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவு. ஓடு கழட்டிப் போட்டா உள்ளே இருக்கிற ருசியெல்லாம் தண்ணிக்குப் போயி, சதை உப்பு மட்டும் கரிக்கும். இறாலுக்கு மீசையையும் கொம்பையும் வெட்டிட்டு, தோலை உரிக்காம முதுகை மட்டும் கத்தரிக்கோலால கீறி குடலை எடு. அந்தக் கீறல் வழியாத்தான் காரம் உள்ளே போகும்.

தண்ணியில கல்லுப்பு முக்கால் கிலோ, மிளகாய்த்தூள் கால் கிலோ, பாதியா வெட்டின வெங்காயம் 2 கிலோ, குறுக்கே வெட்டின முழுப் பூண்டு 15. மல்லி, கடுகு, மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலையைத் துணியில மூட்டை கட்டிப் போடு. நாக்குல வச்சா தேவனாம்பட்டினம் கடல் தண்ணிக்குக் கொஞ்சம் கம்மியா கரிக்கணும். இவ்வளவு உப்பான்னு அம்மா சத்தம் போடுவாங்க. யாரும் இந்தத் தண்ணியைக் குடிக்கப் போறதில்லை. ஓடு தாண்டி உள்ளே போறது கொஞ்சந்தான்.

கால் மணி நேரம் கொதிச்சதும் கிழங்கு. கத்தி பாதி இறங்குற பதம் வந்ததும் நண்டு. மறுபடி கொதி வந்து எட்டு நிமிஷம். கடைசியா இறால். அது விழுந்ததும் கொதி அடங்கும். திரும்பக் கொதிக்கட்டும்னு நிக்காதே. ரெண்டு மூணு நிமிஷத்துல நிறம் மாறி வளைஞ்சதும் அடுப்பை அணை. விறகடுப்புன்னா கங்கு விடாம வேக வைக்கும், அதனால அண்டாவையே இறக்கிடணும். கேஸ் அடுப்பு உத்தமம்.

சமையல் முடிஞ்சதுன்னு நினைக்காதே, காரம் ஏறுறது இனிமேல்தான். இருபது எலுமிச்சையையும் இப்பதான் பிழிஞ்சு மூடியோட போடணும். முன்னாடியே போட்டா தோல் கசக்கும். ரெண்டா வெட்டி அரை வேக்காடு வச்சு, ராத்திரியே ஃப்ரீசர்ல போட்ட சோளத்தையும் கொட்டு. சூடு சட்டுனு இறங்கும், வேக்காடு நிக்கும், ஊறல் நடக்கும். இங்கே அண்டாவோட வெளிப்பக்கம் ஹோஸ் பைப்பால தண்ணியும் அடிப்பாங்க. கிராஃபிஷ் முதல்ல மிதக்கும். தண்ணியை இழுத்துக்கிட்டு மெள்ள அடியில இறங்கினா ஊறிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும். உன் இறாலுக்கு அவ்வளவு தாங்காது: அஞ்சு நிமிஷத்துல ஒண்ணை உரிச்சுப் பாரு, பத்துக்குள்ள வடிச்சிடு. மீறினா ரப்பர்தான், சதையும் ஓட்டை விட்டு வராது.

காரம் பத்தலைன்னு மேலே மிளகாய்த்தூள் தூவுறவங்க இங்கேயும் இருக்காங்க. அது கையிலதான் ஒட்டும், வாய்க்குப் போகாது.

பரிமாறத் தட்டு கிடையாது. மேசையில செய்தித்தாள் விரிச்சுக் கொட்டி, சுத்தி நின்னு தின்பாங்க. நமக்கு வாழையிலை இருக்கு. மிச்சத் தண்ணியைச் செடிக்கு ஊத்திடாதே, உப்புல கருகிடும். அம்மாவுக்கு ரெண்டு நண்டைத் தனியா எடுத்து வச்சிடு, நின்னுகிட்டுச் சாப்பிட மாட்டாங்க.

அன்புடன்,
தம்பி