உள்ளங்கால் வரை பார்த்த நர்ஸம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

எங்கள் ஊர் சுகாதார செவிலியருக்கும், 108 வண்டியில் வந்த தம்பிகளுக்கும், பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருந்த அனைவருக்கும் வணக்கம்.

மகன் பிறந்து நான்காம் நாள் உடம்பு மஞ்சளித்திருந்தது. “காலை வெயில்ல காட்டு, போயிடும்” என்றார்கள் பெரியவர்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தவனைச் சமத்துப் பிள்ளை என்றார்கள். வழக்கமாகப் பார்க்க வந்த நர்ஸம்மா, நீங்கள் அவனை ஜன்னலோரம் தூக்கிப் போய் நெற்றி, நெஞ்சு, வயிறு என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தீர்கள். உள்ளங்காலிலும் மஞ்சள். அதற்கு மேல் யாரிடமும் பேசவில்லை, 108-ஐக் கூப்பிட்டீர்கள்.

ரத்தத்தில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் 26-க்கு ஏறியிருந்தது. அது மூளையில் படிந்தால் உடல் அசைவும் காது கேட்பதும் பாதிக்கப்படும், போனது திரும்பாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நீல விளக்கின் கீழ் வைத்து, அன்றிரவே ரத்தத்தை மாற்றினார்கள். தொப்புள் ரத்தக்குழாய் வழியே சிரிஞ்சில் கொஞ்சம் எடுப்பதும், அதே அளவு புது ரத்தம் ஏற்றுவதுமாக, கண் இமைக்காமல் நின்று செய்த அந்தக் கைகளை மறக்க மாட்டேன். ரத்தம் கொடுத்தவர் யாரென்று தெரியாது. நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் ஐயா.

இந்த விளக்கு வைத்தியத்துக்கே வழிகாட்டியவர் ஒரு செவிலியர்தானாம். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்து, துணி மூடிய இடத்தில் அப்படியே இருந்ததைக் கவனித்தவர் அவர். பெரியவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவ்வளவு ஏறிய மஞ்சளுக்கு வெயில் போதாது, காத்திருக்கும் நேரம்தான் வீணாகும்.

“துணிப்பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தீர்களா?” என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. மகனுக்கு, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு. ஆண் பிள்ளைகளுக்கே இது அதிகம் வருமாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு அந்துருண்டையின் நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் சட்டென்று ஏறிவிடும். குழந்தை வரப்போகும் வீட்டில் தயவுசெய்து அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பையன் தூங்கும்வரை முகம் சுளிக்காமல் காத்திருந்து காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ சோதனை எடுத்த தங்கைக்கும் நன்றி. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. இந்த நொதிக் குறைவுக்குக் கூடாத மருந்துகள் என்று வார்டில் எழுதி தடுப்பூசி அட்டையில் ஒட்டிக் கொடுத்த தாளை, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நீட்டுகிறோம்.